விஎம் பூட் ஆகாமல் ஷெல்லில் நின்றால்

பழைய டிஸ்க் இமேஜைப் புது க்யூஎம்யூ விஎம்மில் (மெய்நிகர் கணினியில்) மாட்டியதும் யுஇஎஃப்ஐ ஷெல்லில் (ஃபர்ம்வேரின் கமாண்ட் திரையில்) போய் நிற்கிறதா? ரீஇன்ஸ்டால் செய்ய அவசரப்படாதீர்கள், டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் பூட் என்ட்ரிகள் இருப்பது, விஎம்மின் யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேரான ஓவிஎம்எஃப்-இன் தனி வேரியபிள் ஃபைலில். அது காலியாக இருந்தால் ஃபர்ம்வேர், டிஸ்க்கில் இஎஃப்ஐ\பூட் ஃபோல்டரிலுள்ள பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ-யைத்தான் தேடும். டெபியன் லினக்ஸோ தன் பூட்லோடரான க்ரப்பை இஎஃப்ஐ\டெபியனில் வைத்திருக்கும்.

ஷெல்லில் 'மேப்' கொடுங்கள். எஃப்எஸ்0 (ஷெல்லால் படிக்க முடிந்த முதல் ஃபைல் சிஸ்டம்) தெரிந்தால் அதற்குள் போய், இஎஃப்ஐ\டெபியன் ஃபோல்டரிலுள்ள, க்ரப்பை ஏற்றும் ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ-யை ஓட்டினால் சிஸ்டம் எழுந்துவிடும். பிறகு ரூட்டாக க்ரப்-இன்ஸ்டாலை 'ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். ஃபர்ம்வேர் தேடும் இஎஃப்ஐ\பூட் ஃபோல்டரிலும் ஒரு காப்பி விழும். முதல் இன்ஸ்டாலின்போதே இதைச் செய்துவைப்பது நல்லது.

எஃப்எஸ் எதுவுமே இல்லாமல் பிஎல்கே (வெறும் டிஸ்க், பார்ட்டிஷன்) வரிகள் மட்டும் வந்தால், அநேகமாக அது யுஇஎஃப்ஐ-க்கு முந்தைய பயாஸ் முறையில் நிறுவிய டிஸ்க். விஎம்மின் ஃபர்ம்வேரை பயாஸ் வகையான சீபயாஸுக்கு மாற்றிப் பாருங்கள்.