பதினொரு கண்

2024 ஆகஸ்ட் 19, திங்கள்

கட்டுரைத்தாள் திரும்பி வந்துவிட்டது. வகுப்பில் பிரிக்கத் தைரியமில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த பிறகுதான் பார்த்தேன்.

தலைப்பு ‘உன் ஊரில் ஓர் இடம்’. 600 சொல். இன்டர்னல் 25 மார்க்கில் இதற்கு 5. நெல்லையப்பர் கோயிலை எப்படியும் பத்துப் பேர் எழுதுவார்கள் என்று கணக்குப் போட்டு, நான் திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்கொண்டேன். மொத்தம் மூன்று டிராஃப்ட் எழுத வேண்டும் என்று இங்கிலீஷ் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே கட்டுரையை மூன்று தடவையா என்று வகுப்பே முணுமுணுத்தது, என்னையும் சேர்த்துத்தான்.

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் மீடியம். கட்டுரை என்றால் கைடில் இருப்பதை நெட்டுருப் போட்டு, மேற்கோளுக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்துவிட்டு வருவது. சொந்தமாக இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதியது இதுதான் முதல் தடவை. அதனால் கிராமர் கிழிந்து தொங்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். பார்த்தால் தாள் முழுக்க ஏழே இடத்தில் சிவப்பு மை. அதில் ஒன்றுகூட கிராமர் இல்லை.

முதல் பாராவுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு. அந்தப் பாராவின் முதல் வரி எனக்கு மிகவும் பிடித்த வரி: ‘ஃப்ரம் டைம் இம்மெமோரியல், பிரிட்ஜஸ் ப்ளே எ வைட்டல் ரோல் இன் ஹியூமன் லைஃப்.’ பக்கத்தில், ‘இதை எடுத்துவிட்டுப் படி, ஏதாவது குறைகிறதா?’ என்று எழுதியிருந்தார். வண்ணாரப்பேட்டை வருவதற்குள் இரண்டு தடவை எடுத்துவிட்டுப் படித்தேன். ஒன்றும் குறையவில்லை. அதுதான் கோபம் வந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

கேட்டேவிட்டேன். “மேடம், கிராமர் மிஸ்டேக் ஒண்ணுமே இல்லையா?”

“நிறைய இருக்கு. இடிக்கப்போற சுவருக்கு எதுக்குமா வெள்ளையடிக்கணும்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டுப்பாடம் ஒன்றும் கொடுத்தார். ஒவ்வொரு பாராவுக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். “தமிழிலேயே எழுது. இங்கிலீஷில் எழுதினால் உன்னையே நீ ஏமாத்திக்குவே” என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அவர் சொன்னது சரிதான். தமிழில் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. இரண்டாவது பாரா: 1843இல் பாலம் திறந்தது, சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டினார். மூன்றாவது: தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. நாலாவது: சொந்தப் பணத்தில் கட்டினார், பெரிய மனசு. அதாவது இரண்டும் நாலும் ஒன்றுதான். ஒன்றில் ‘ஓன் மணி’, இன்னொன்றில் ‘ஜெனரஸ்லி’. இங்கிலீஷில் வாசிக்கும்போது இது தெரியவே இல்லை, வேறு வார்த்தை போட்டாலே வேறு விஷயம் சொன்ன மாதிரி இருந்தது. ஐந்தாவது: பாளையங்கோட்டையை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். இது ஏன் பாலம் கட்டுரையில் இருக்கிறது? எனக்கே தெரியவில்லை. திருநெல்வேலியைப் பற்றி எதை எழுதினாலும் இந்த ஆக்ஸ்போர்டு தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது, கல்யாண வீட்டில் கூப்பிடாமல் வந்த மாமா மாதிரி. ஆறாவது: நாம் பாதுகாக்க வேண்டும். யார், எதிலிருந்து என்று இல்லை.

மிஞ்சியது ஒரே பாரா. அதிலும் ஒரு சிவப்பு இருந்தது. பாலத்துக்குப் பணம் போதாமல் முதலியாரின் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் ‘யார் சொன்னது?’

‘பீப்பிள் சே’ என்று மாற்றினேன். மேடம் ‘எந்தப் பீப்பிள்?’ என்று கேட்பார் என்று எனக்கே தோன்றியது. உண்மையில் யார் சொன்னது? ஆச்சி. ஒவ்வொரு தடவை பாலத்தைத் தாண்டும்போதும், தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டே, “அந்த மகராசி கழத்திக் குடுத்தாளே” என்பாள். ‘மை கிராண்ட்மதர் சேஸ்’ என்று எழுதினேன். இங்கிலீஷ் கட்டுரைக்குள் ஆச்சி நுழைவது என்னமோ மாதிரி இருந்தது, செருப்போடு பூஜை அறைக்குள் போன மாதிரி. ஆனால் வரி உடனே காலூன்றி நின்றது.

ஆகஸ்ட் 28, புதன்

இரண்டாவது டிராஃப்டைக் கொடுத்தாயிற்று. வேறொன்றும் இல்லை. மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இந்தத் தடவை சிவப்பு குறைவு, கேள்வி பெரிசு. ஒன்று: ‘11 வளைவு என்கிறாயே, எண்ணினாயா?’ இன்னொன்று: முதல் வரியில் ‘த பிரிட்ஜ்’ என்று ஆரம்பித்திருந்தேன், அந்த ‘த’வைச் சுற்றி ஒரு வட்டம்.

‘எ’யும் ‘த’வும் என் ஜென்ம சத்ரு. தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சொன்னது, முதல் தடவை ‘எ’, அடுத்த தடவையிலிருந்து ‘த’. மாற்றி எழுதிக் காட்டினேன். மேடம் தலையாட்டிவிட்டு, “ரூல் சரி. ஆனா வாசிக்கிறவனுக்கு அந்தப் பாலம் தெரியுமா, தெரியாதா? அதை முடிவு பண்ணு, எழுத்து தானா வரும்” என்றார்.

பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். போன டிசம்பர் 17, 18 வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிவிட்டது, ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர், அப்பா அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார். அப்பா டவுன் பஸ் டிரைவர். ராத்திரி போன் லைன் கிடைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “சாப்ட்டீங்களா”. இரண்டாவது, “பாலம் எப்படி இருக்கு?” எந்தப் பாலம் என்று அம்மா சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. பக்கத்திலேயே புதுப் பாலம் ஒன்று இருக்கிறது. ஆனாலும் பாலம் என்றால் இதுதான்.

அதுதான் ‘த’. தமிழில் இல்லை என்று யார் சொன்னது, அம்மா வாயில் இருக்கிறதே.

செப்டம்பர் 1, ஞாயிறு

அப்பாவுக்கு இன்று ஆஃப். எண்ணப் போகலாம் என்று கூப்பிட்டேன். “பாலத்தையா? இருவது வருசமா அதுமேலதான் போய்ட்டு வாரேன்” என்றார். “எத்தனை ஆர்ச்சுப்பா?” என்றால் தெரியவில்லை. “மேல போறவனுக்கு எப்படிம்மா தெரியும்?”

கொக்கிரகுளம் பக்கம் இறங்கினோம். கரையோரம் அமலைச்செடி அடைத்துக் கிடந்தது. இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிற சத்தம் கீழே வேறு மாதிரி கேட்கிறது, தலைக்கு மேல் யாரோ பாய் உதறுகிற மாதிரி. வளைவுக்கு அடியில் சுவரில் வெள்ளம் வந்து போன கறை, என் உயரத்துக்கும் மேலே. தூணில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் நேரத்திலும் சில்லென்று இருந்தது.

முதல் தடவை எண்ணியபோது பத்து. அப்பா எண்ணியதும் பத்து. எனக்கு உதறிவிட்டது. இரண்டு டிராஃப்டில் பதினொன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கரையிலேயே நடந்து தள்ளிப் போய்ப் பார்த்தபோதுதான் ஓரத்தில் ஒன்று செடிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது தெரிந்தது. “இந்தா இருக்கு பாரு பதினோராவது கண்ணு!” என்று அப்பா கத்தினார், காணாமல் போன ஆடு கிடைத்த மாதிரி.

கண்! நான் இரண்டு டிராஃப்டிலும் ‘ஆர்ச்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். பாலத்துக்குக் கண் என்றுதானே நாம் சொல்வோம். ஒரு தடவைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

செப்டம்பர் 4, புதன்

இன்று வகுப்பில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒருத்தி கட்டுரையை இன்னொருத்தி சத்தமாக வாசிக்க வேண்டும். எழுதினவள் வாயைத் திறக்கக்கூடாது. என்னுடையது ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தியிடம் போனது. அவள் எங்கே தடுக்குகிறாளோ அங்கே பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னார் மேடம்.

ஒரே வாக்கியத்தில் நாலு புள்ளி விழுந்தது. ‘த பிரிட்ஜ் விச் வாஸ் பில்ட் பை சுலோசன முதலியார் ஹூ வாஸ் எ சிரஸ்தேதார் ஹூ வொர்க்ட் இன் த கலெக்டர்ஸ் ஆஃபீஸ் விச் வாஸ்…’ அதற்குமேல் அவளுக்கு மூச்சு இல்லை. (சிரஸ்தேதார் என்றால் அந்தக் காலத்துத் தலைமைக் குமாஸ்தா.) எனக்கு ஆச்சரியம், இதை எழுதும்போது தடங்கலே இல்லை. தமிழில் சொல்லிப் பார்த்தேன்: கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் கட்டிய பாலம். வழுக்கிக்கொண்டு போகிறது. தமிழில் அடைமொழியெல்லாம் வரிசையாக முன்னால் நடந்து வர, பாலம் கடைசியில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்குகிறது. இங்கிலீஷில் மாப்பிள்ளை முதலிலேயே இறங்கிவிடுகிறார். ஊர்வலம் பின்னால் ‘விச்’, ‘ஹூ’ என்று ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு வருகிறது.

அப்புறம் அடுத்த பாரா. ‘த பிரிட்ஜ் ஹாஸ் இலெவன் ஐஸ்.’

“ஏட்டி, பாலத்துக்கு ஏது கண்ணு? அதுவும் பதினொண்ணா?” என்று சிரித்தாள். பக்கத்து பெஞ்சும் சிரித்தது. பேசக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். பென்சிலால் அவள் அதை அடித்து ‘ஆர்ச்சஸ்’ என்று போட்டுக் கொடுத்தாள். அவள் மேல் தப்பில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

லைப்ரரியில் வாட்டர்லூ பாலத்தைத் தேடினேன். நம் பாலத்தை லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரி கட்டினார்கள் என்று எல்லாரும் சொல்வதால் நானும் ஒரு வரி எழுதியிருந்தேன். யார் சொன்னது என்று மேடம் கேட்பதற்கு முன்னால் நானே கேட்டுக்கொள்ளும் வியாதி வந்துவிட்டது.

கிடைத்தது இது: 1817இல் திறந்த அந்த வாட்டர்லூ பாலம் இப்போது இல்லை. அதற்கு 9 கண். 1930களில் இடித்துவிட்டு வேறு பாலம் கட்டிவிட்டார்கள். பார்த்துக் கட்டியதாகச் சொல்கிற நம்முடையது, பின்னால் அகலப்படுத்தினார்கள் என்றாலும், பஸ் ஓட நின்றுகொண்டிருக்கிறது. வாசித்ததும் துள்ளிக் குதிக்காத குறை. உடனே எழுதி முதல் பாராவில் வைத்தேன். மாலையில் வாசித்துப் பார்த்தால் கட்டுரை லண்டனுக்குப் போய்விட்டது. அப்பாவும் செடிக்குப் பின்னால் இருந்த கண்ணும் எங்கேயோ கடைசியில் நின்றார்கள். நடுவில் மாற்றினேன், ஒட்டவில்லை. கடைசியில் மாற்றினேன், ஏதோ பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ராத்திரி பதினொன்றரை. மூன்றாவது டிராஃப்ட்.

அந்த ‘ஹூ-விச்’ வாக்கியத்தை உடைத்தேன். முதலில் ஆள்: சுலோசன முதலியார் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதார். புள்ளி. அந்தக் காலத்தில் ஆற்றைத் தாண்ட ஓடத்துக்குக் காத்து நிற்க வேண்டும். புள்ளி. அவர் பாலம் கட்டினார். புள்ளி. ‘வாஸ் பில்ட் பை’ போய்விட்டது. ஆக்டிவை பாசிவாக்கு, பாசிவை ஆக்டிவாக்கு என்று பள்ளியில் எத்தனை நூறு வாக்கியத்தைப் புரட்டிப் போட்டிருப்போம்! எப்போது எது வேண்டும் என்று மட்டும் யோசித்ததே இல்லை.

ஆரம்பம் இப்போது வெள்ள ராத்திரி. அம்மாவின் போன். ‘ஹவ் இஸ் த பிரிட்ஜ்?’

கண்ணா, ஆர்ச்சா? அரை மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில், எங்கள் மொழியில் பாலத்தின் வளைவைக் கண் என்போம் என்று ஒரு வரி சேர்த்து, கண்ணையே வைத்துவிட்டேன். மார்க் போனால் போகட்டும்.

நெல்லையப்பருக்கு எழுதினவர்கள் பன்னிரண்டு பேர் என்று இன்று தெரிந்தது. என் கணக்கு தப்பவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

வந்துவிட்டது. ஐந்துக்கு நாலு. இப்போதுதான் மேடம் கிராமர் பார்த்திருக்கிறார்: மூன்று ‘த’ விட்டுப்போயிருந்தது, இரண்டு இடத்தில் தேவையில்லாத ‘ஆல்சோ’, ஓர் இடத்தில் ‘ஒன்லி’. அந்த ‘ஒன்லி’ வேறு யாருமில்லை, நம்முடைய ‘தான்’ தான். கண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, ‘ஆச்சி பெயரைப் போட்டாய். இதை யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார்.

ராத்திரி அப்பா சாப்பிடும்போது வாசித்துக் காட்டி, தமிழில் அர்த்தமும் சொன்னேன். வெள்ள ராத்திரி வந்த இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மேடம் கேட்ட கேள்வியைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார்.

“எம்பேரை எதுக்கும்மா போடணும்? டிப்போல எவனைக் கேட்டாலும் கண்ணுன்னுதான் சொல்லுவான்” என்று சொல்லிவிட்டு, ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.