ஹொனலுலுவில் ஓர் அரைமண்டி

ஹொனலுலு வந்து எட்டாம் மாசம், பிரஷர் 150/95. "தினம் நடங்க" என்றார் டாக்டர். நாலு நாள் நடந்தேன். பேச்சுத்துணை இல்லாத நடை தண்டனை மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹவாய்ப் பூர்வகுடி. (இங்கேயும் மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான், அதில் மட்டும் எனக்கு ஊர் மாறவே இல்லை.) அவருக்கும் பிரஷர். "ஹுலாவுக்கு வாயேன்" என்றார். ஹவாயின் பாரம்பரிய நடனம் அது. ஓட்டல் மேடைப் புல்பாவாடை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றினாலும் உடனே நுழைய முடியாது. வெளியே நின்று எல்லோரும் ஹவாய் மொழியில் பாடி அனுமதி கேட்கணும். குமு, அதாவது ஆசிரியை, உள்ளேயிருந்து பதில் பாடினால்தான் காலெடுத்து வைக்கலாம். அடிவயிற்றிலிருந்து குரல் வரணும். எனக்கு அங்கேயே மூச்சு வாங்கியது.

முதல் பாடம் காஹோலோ என்ற அடவு. முழங்காலை மடக்கி, வலப்பக்கம் ரெண்டு எட்டு, இடப்பக்கம் ரெண்டு எட்டு. தலை ஏறி இறங்கவே கூடாது. குமு சுரைக்குடுவையைத் தரையில் மோதி, கையாலும் தட்டித் தாளம் போடுகிறார். பன்னிரண்டு வயசில் விட்ட பரதநாட்டியத்தின் அரைமண்டியும் தட்டுக்கழியும் கண்முன் வந்தன. பத்தே நிமிஷம், தொடை நடுங்கியது.

ஹுலாவை வைத்து ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் காஹோலோகுலா என்ற ஆய்வாளரின் குழு ஓர் ஆய்வே செய்திருக்கிறது, அவரும் பூர்வகுடிதான். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ள 263 பூர்வகுடியினர், பெரும்பாலும் பெண்கள். ஆறு மாதத்தில் ஹுலா ஆடியவர்களுக்கு பிரஷரின் மேல் அளவு சராசரியாக 15 புள்ளி இறங்கியது, ஆடாதவர்களுக்கு 12. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் ஆன்ட்டி மாதிரி ஆட்களை ஜிம்முக்கு யாரும் கூட்டிப் போக முடியாது. இங்கே அவர் ஒரு வகுப்பைக்கூட விடுவதில்லை. இந்த ஆட்டத்துக்கே ஒரு காலத்தில் தடை இருந்தது. 1830இல் அரசி காஅஹுமானு பொது இடத்தில் ஹுலா ஆடத் தடை போட்டார். 1883இல் கலாகௌவா மன்னர் தன் முடிசூட்டு விழாவில் அதை ஆடவைத்தார். பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரின் கதை தெரிந்த நமக்கு இது புதுசில்லை. தாத்தா பாட்டி பெயரும் மலை பெயரும் வருகிற பாட்டுக்கு ஆடும்போது, ஆன்ட்டிக்கு அது உடற்பயிற்சியாகவே படவில்லை.

நான் கடைசி வரிசை. மேடைக்குப் போகும் எண்ணமில்லை, அது அவர்களுடையது. போன வாரம் கடலலைக்குக் கை அசைக்கச் சொன்னார்கள். என் விரல்கள் தானாகப் பரதநாட்டியத்தின் பதாக முத்திரையில் நின்றன. குமு வந்து மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினார்.

"எந்த ஊர் அலை இது, இவ்வளவு விறைப்பா?"