தோற்றவர் துணியைக் கழற்ற வேண்டுமாம்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கூட்டமாகப் போய் காட்டேஜ் எடுத்தால் ராத்திரி சீட்டுக்கட்டு இறங்கிவிடும், 13 சீட்டு ரம்மிதான், ஆனால் சில கூட்டங்களில் இப்போது காசுக்குப் பதில் துணி, தோற்றவர் ஒன்றைக் கழற்ற வேண்டும். வயது வந்தவர்கள், எல்லோருக்கும் சம்மதம் என்றால் சரி, ஆடட்டும். ஒருத்தி துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்க, "சும்மா கழற்றுடி, நம்ம ஆளுங்கதானே" என்று நாலு பேர் கத்துவது அராஜகம். எதுவரை என்பதைச் சீட்டு போடும் முன்பே பேசுங்கள், நடுவில் எழுந்தால் காரணம் கேட்காதீர்கள். அப்புறம் போன்! எல்லாவற்றையும் அணைத்துப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். ஆடச் சம்மதித்தவர் படமெடுக்கச் சம்மதிக்கவில்லை. அனுமதியில்லாமல் அந்தரங்க உறுப்பைப் படமெடுத்தால், உள்ளாடை போட்டிருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66E பிரிவில் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம்.