கணவாயில் ஒரு துண்டுப் பினாட்டு

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்பது கீரிமலை என்ற பெயரில் மட்டுமே இருக்கிறது. ஆகையால், சுவிற்சர்லாந்தில் வாழும் அக்கா மொன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றி நடக்க அழைத்தபோது, வயல்வரம்புகளில் மட்டுமே நடந்து பழகிய நான் பெரிதும் தயங்கினேன். பிரான்ஸ், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் ஊடாக ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீளும் அந்தப் பாதையின் ஒரு பகுதியில், வழிகாட்டி ஒருவருடன் நான்கு நாள்கள் நடந்தோம்.

இத்தாலியப் பக்கத்தில், மலையேறி வால்ற்றர் பொனாற்றியின் பெயரைத் தாங்கிய குடில் 2,025 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சப்பாத்துகளை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே சென்றபோது எங்கள் வீட்டுக்குள் நுழைவது போலவே இருந்தது. கொண்டுவந்த மெல்லிய துணியுறைக்குள் புகுந்து, குடிலின் கம்பளியைப் போர்த்தி, முன்பின் தெரியாதவர்களுடன் ஒரே அறையில் உறங்கினோம்.

மறுநாள் என் வலக் குதிகாலில் கொப்புளம் எழும்பியிருந்தது. வழிகாட்டி அதன்மேல் பிளாஸ்ரர் ஒட்டி, மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகமே ஏற்றத்துக்குரிய வேகம் என்று சொல்லி, என்னைத் தமக்கு அடுத்ததாக நடக்கவைத்தார். அவருடைய சிறிய, மாறாத அடிகளைப் பார்த்தபடியே 2,537 மீற்றர் உயரமுள்ள கிராண்ட் கொல் ஃபெரே கணவாயை அடைந்தேன். இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் எல்லையான அவ்விடத்தில், அம்மா கட்டித்தந்த, பனம்பழக் களியைக் காயவைத்துச் செய்த பினாட்டை அக்கா பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். குளிரில் தோலைப்போல இறுகியிருந்த அது, வாயில் இளகியதும் பனம்பழ வாசனையை மெல்ல விட்டது. வழிகாட்டி இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.