முதலில் உரல், அப்புறம்தான் கம்பெனி

2018-இல் சென்னையில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கொல்லிமலைக்குப் போனேன். கையில் எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. லேப்டாப்பில் ஒரு திட்டம் இருந்தது: சாமை விளைவிக்கும், மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடி விவசாயிகளைப் பங்குதாரர்களாக வைத்து உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குவது, சாமையை அரிசியாக்கி நகரத்தில் விற்பது.

சமூகத் தொழில்முனைவில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, பதிவு செய்வது எப்படி, நிதி எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அதையும் சொல்கிறேன். ஆனால் நானும் அங்கிருந்து தொடங்கித்தான் ஒரு வருடத்தை இழந்தேன்.

முதல் கூட்டத்தில் பங்கு, இயக்குநர், லாபப் பங்கீடு என்று முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். கலைந்து போகும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, கம்பெனி எல்லாம் இருக்கட்டும். சாமை குத்துறதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார். சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பேச்சின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. அடுத்த பத்து மாதம் வீடு வீடாகப் பங்குத் தொகை கேட்டு நடந்தேன். சேர்ந்தவர்கள் 14 பேர்.

அந்தப் பாட்டி வீட்டில் ஒருநாள் தங்க நேர்ந்தது. விடியும் முன்பே உலக்கைச் சத்தம் கேட்டது. சாமையின் மேல்தோல் மிகவும் கெட்டி. ஒரு தடவை குத்தினால் போகாது. குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், தோல் போகாததைப் பிரித்து மறுபடி உரலில் போட வேண்டும். நானும் உலக்கையை வாங்கிக் குத்தினேன். கால் மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பாட்டியும் மருமகளும் மாறி மாறிக் குத்தி அன்று எடுத்த அரிசி, அந்த வீட்டுக்கு இரண்டு வேளைக்குத்தான் வந்தது.

மலையில் சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால், மரவள்ளிக்குக் காசு கிடைக்கிறது, கீழே ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் வேலை முடிந்தது. சாமை வீட்டுக்கு வந்த பிறகுதான் பெண்களுக்கு வேலையே தொடங்குகிறது. ரேஷன் அரிசி அடுப்பில் வேகும்போது யார் உலக்கையை எடுப்பார்கள்?

அதனால் பதிவை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் இயந்திரம் என்று முடிவு செய்தோம். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் முன்பே கொல்லிமலையில் சில ஊர்களில் குழுக்களுக்கு அரவை இயந்திரம் வைத்துக் கொடுத்திருந்தது. அவற்றைப் போய்ப் பார்த்தேன். 2019-இல் மகளிர் குழுவின் கடனும் என் சேமிப்பில் மிச்சம் இருந்ததும் சேர்த்து, தோல் நீக்கும் இயந்திரம் ஒன்றும் கல் பிரிக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கினோம்.

முதல் மாதம் வந்ததில் பாதி குருணை. வேகத்தைக் குறைத்தால் தோல் போகவில்லை, கூட்டினால் அரிசி உடைந்தது. நான் பொறியியல் படித்தவள். வேகத்தையும் சல்லடையையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கோளாறு இயந்திரத்தில் இல்லை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று மலையில் பல ரகம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டி அரைத்தோம். பருமன் வேறு வேறாக இருந்தால் சின்னது தோலோடு தப்பிவிடும், பெரியது உடைந்துவிடும். ரகம் ரகமாகப் பிரித்து அரைத்த பிறகு குருணை வெகுவாகக் குறைந்தது.

சாமை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு கருவி வாங்கலாம் என்றேன். பாட்டி நான்கு சாமையை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். 'டக்'கென்று சத்தம் வந்தால் அரைக்கலாம், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும். கருவி பிறகு வந்தது. இன்றும் முதல் சோதனை பல்லில்தான் நடக்கிறது.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆட்கள் தானாக வந்தார்கள். 2021-இல் பதிவு செய்ய உட்கார்ந்தபோது நூறு பேருக்கு மேல் தயாராக இருந்தார்கள்.

பதிவுக்குச் சட்டப்படி விவசாயிகள் 10 பேர் போதும், இயக்குநர்கள் குறைந்தது 5 பேர். 2020-இல் மத்திய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சேர அப்போது சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் வேண்டியிருந்தது. எங்களை நிறுத்தி வைத்தது இனிஷியல். ஆதாரில் ஒருவர் பெயர் இனிஷியலோடு இருக்கும்; பான் அட்டையில் அதே பெயருக்கு அப்பா பெயர் விரிந்து நிற்கும்; வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். ஐந்து இயக்குநர்களின் பெயர்களை ஒரே மாதிரி ஆக்கவே நான்கு மாதம் போனது. இதில் இறங்குபவர்கள் பெயர் திருத்தத்தை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதைவிடச் சுலபம்.

அப்புறம் உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய தானியத்துக்கு 5 சதவீதம் வரி வந்தது. விலைப்பட்டியலை மறுபடி போட வேண்டியிருந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய சோதனை, கையில் ஓடும் பணம். அறுவடை சமயத்தில் விவசாயிக்கு அன்றே காசு வேண்டும். நகரத்து வியாபாரி 45 நாள் தவணை கேட்பார். ஒரு கடை ஐந்து மாதம் இழுத்தடித்தது. அந்த ஐந்து மாதத்தில் மூன்று பேர் சாமையை வெளி வியாபாரிக்குக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பாதிப் பணம் முன்கூட்டி வராமல் சரக்கை இறக்குவதில்லை.

என் சம்பளம் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வருடம் சம்பளமே இல்லை. பழைய சகப் பணியாளர்கள் கொடுத்த பொறியியல் வரைபட வேலையில் வாழ்ந்தேன். பிறகு தலைமைச் செயல் அலுவலர் ஆனேன். நிர்வாகச் செலவுக்கு அந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள். என் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. சென்னையில் வாங்கியதில் பாதிகூட இல்லை. குடும்பத்தோடு பேசி முடிவு செய்யாமல் இந்த வேலைக்கு வராதீர்கள்.

உற்பத்தியாளர் நிறுவனத்தில் யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். தலைமைச் செயல் அலுவலர் உறுப்பினராக இருக்கவே கூடாது. அதாவது நான் தொடங்கிய நிறுவனத்தில் எனக்கு வாக்கு இல்லை. இதைப் படித்தபோது மனது கொஞ்சம் சுணங்கியது.

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வந்தது. இரவு பகலாக வெளி ஆர்டருக்கு மட்டும் அரைக்கலாம், வீட்டுக்கு அரைப்பதை இரண்டு மாதம் நிறுத்துவோம் என்று நான் எழுதிக்கொண்டு போனேன். இயக்குநர் குழுவில் ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. "மறுபடி உலக்கையைத் தூக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார் பாட்டியின் மருமகள். அவர் இப்போது இயக்குநர். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், வீட்டுச் சாமைக்கு மட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு பெரிய ஆர்டர் கை விட்டுப் போனது.

திங்கட்கிழமைகளில் காலை ஆறரைக்கே ஆலை வாசலில் கூடைகள் வரிசையாக இருக்கும். பாட்டி இப்போதும் வருகிறார். மூட்டையைத் திறந்து, நான்கு சாமையைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் தராசில் வைக்க விடுவார்.