ஆளை அனுப்பிட்டு வீட்டைப் பூட்டுறது

இங்கிலாந்துல ஒரு உள்ளாட்சி கவுன்சில்ல மனநல சோஷியல் வொர்க்கரா இருக்கேன். ஒருத்தரை அவங்க சம்மதம் இல்லாம ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னா ரெண்டு டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் போதாது, விண்ணப்பத்துல கையெழுத்து போடுறது பெரும்பாலும் என்னை மாதிரி டாக்டர் இல்லாத ஒரு ஆள்தான். இந்த வேலை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரிய வெச்சது சட்டப் புத்தகம் இல்ல, டிரெய்னிங் சமயத்துல பழக்கமான ஒரு பெரியவர். அப்பவே எண்பதை நெருங்கியிருந்தார், 1950கள்ல இதே வேலையில சேர்ந்தவர்.

அப்போ அந்தப் பதவிக்கு 'டியூலி ஆதரைஸ்டு ஆபீசர்' (முறைப்படி அதிகாரம் குடுத்த ஆபீசர்)னு பேரு. அதுக்கும் முன்னாடி ஏழைகளுக்கு உதவிப் பணம் குடுக்குற ரிலீவிங் ஆபீசரே மனநோயாளிகளைக் கூட்டிட்டுப் போற வேலையையும் பார்த்திருக்கார். 1948 ஜூலை 5 என்ஹெச்எஸ்ங்கிற அரசு மருத்துவ சேவை வந்துச்சு, பெரிய பெரிய மனநல ஆஸ்பத்திரி எல்லாம் அவங்க பக்கம் போயிடுச்சு, ஆனா வீட்டுக்குப் போய்ப் பார்க்குறது, கூட்டிட்டுப் போறது, திரும்பி வந்தப்புறம் கவனிக்குறது இதெல்லாம் கவுன்சிலோட ஹெல்த் டிபார்ட்மெண்ட்லயே நின்னுடுச்சு. ஒரே மனுஷனுக்கு ரெண்டு ஆபீஸ். இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு இருக்குற பாதி கஷ்டம் அந்தப் பிரிவுலதான் ஆரம்பிச்சதுன்னு நான் நினைக்கிறேன்.

1890 மனநோய்ச் சட்டப்படி அவசரம்னா அந்தப் பெரியவர் ஒருத்தரே முடிவு பண்ணி ஒரு ஆளை மூணு நாளைக்கு ஆஸ்பத்திரியில சேர்க்கலாம், டாக்டர் சர்ட்டிஃபிகேட்கூட வேண்டாம். அந்த அதிகாரம் தனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சுன்னு சொன்னார். அதுக்கு அப்புறமும் ரொம்ப நாள் வெச்சிருக்கணும்னா பொதுவா மாஜிஸ்ட்ரேட் வந்து பார்த்து உத்தரவு போடணும். 1959 மனநலச் சட்டம் மாஜிஸ்ட்ரேட்டை எடுத்துட்டு டாக்டர்களோட சிபாரிசைக் கொண்டு வந்துச்சு, ஆனா விண்ணப்பம் போடுற உரிமையை டாக்டர்கிட்ட குடுக்கல, நெருங்கின சொந்தக்காரர், இல்லேன்னா கவுன்சில் ஆபீசர்தான் போடணும் (அந்தச் சட்டத்துல அவர் பேரு மென்ட்டல் வெல்ஃபேர் ஆபீசர்). நோயை டாக்டர் பார்க்கட்டும், வாழ்க்கையை வேற யாராவது பார்க்கணும்ங்கிற அந்த யோசனையை நான் மனசார மதிக்கிறேன்.

அவர் ரொம்ப நேரம் பேசினது சாவியைப் பத்தி. ஆஸ்பத்திரிக்குப் போறவங்களோட வீட்டுச் சாமானைப் பாதுகாக்குறது கவுன்சிலோட கடமைன்னு 1948ல வந்த நேஷனல் அசிஸ்டன்ஸ் சட்டம் சொல்லுச்சு. அதனால ஆம்புலன்ஸ் போனப்புறமும் இவர் அங்கேயே இருப்பார், சமையல் கேஸை மூடணும், பால்காரருக்குச் சீட்டு எழுதி வைக்கணும், கூண்டுல இருக்குற பட்ஜி கிளியைப் பக்கத்து வீட்ல விடணும், வாடகை ரூம்னா ஓனரம்மாகிட்ட ரூமை வேற ஆளுக்குக் குடுத்துடாதீங்கன்னு கெஞ்சணும். ஏன்னா ரூம் போயிடுச்சுன்னா குணமானாலும் அந்த ஆளு திரும்பி வர இடம் இல்ல, வார்டுலயே வருஷக்கணக்கா கிடப்பார். 1954 வாக்குல இங்கிலாந்து, வேல்ஸ் மனநல ஆஸ்பத்திரிகள்ல ஏறக்குறைய 1,50,000 பேர் இருந்தாங்க, அதுல எத்தனை பேரை நோய் பிடிச்சு வெச்சிருந்துச்சு, எத்தனை பேரைப் போக்கிடம் இல்லாதது பிடிச்சு வெச்சிருந்துச்சுன்னு அவர் கேட்டது இன்னும் மனசுல நிக்குது.

நாட்டிங்ஹாம்ல டங்கன் மேக்மில்லன்ங்கிற டாக்டர் மேப்பர்லி மனநல ஆஸ்பத்திரியையும் நகரத்தோட மனநல சேவையையும் சேர்த்தே பார்த்துக்கிட்டார், 1952லயே வார்டுக் கதவுகள் திறந்தாச்சு. எல்லா ஊர்லயும் அப்படி நடக்கல. 1961ல சுகாதார மந்திரி ஈனோக் பவல் 15 வருஷத்துல மனநல ஆஸ்பத்திரிப் படுக்கைகள் பாதியாகும்னு பேசினார், ஹாஸ்டல், டே சென்டர் எல்லாம் கவுன்சில் கட்டணும்னு எதிர்பார்ப்பு, ஆனா அதுக்குத் தகுந்த பணம் வரல. இது பெரிய துரோகம்னு சொல்ல எனக்குத் தயக்கமே இல்ல. 1971ல சோஷியல் சர்வீசஸ் டிபார்ட்மெண்ட் வந்தப்போ குழந்தைங்க கேஸ், முதியோர் கேஸ், மனநல கேஸ் எல்லாம் ஒரே மேஜைக்கு வந்துச்சாம், அதைச் சொல்லும்போது அந்தப் பெரியவர் குரல் இறங்கிடுச்சு.

போன குளிர்காலம் ஒரு அம்மாவை ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்ப வேண்டியிருந்துச்சு. கையெழுத்து போட்டது நான், அதனால ஏறும்போது என்னைத்தான் திட்டினாங்க. நான் அடுப்பை அணைச்சு, பூனையை எதிர் ஃபிளாட்ல குடுத்துட்டு, கதவைப் பூட்டிட்டு கீழ வந்தப்போ ஆம்புலன்ஸ் இன்னும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. சாவி யாருகிட்டன்னு உள்ளேருந்து கேட்டாங்க. எடுத்துக் காட்டினேன்.