தகுதி என்கிற கட்டம்

எங்கள் கம்பெனி சேலத்தில் கருப்பூர் பக்கம். பெரியார் பல்கலைக்கழகமும் அங்கேதான், அரசு பொறியியல் கல்லூரியும் அங்கேதான். காலை பஸ்ஸில் என் மேல் சாய்ந்துகொண்டு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகள். மூன்று நாலு வருடம் கழித்து அதில் சிலர் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள்.

நான் அங்கே குவாலிட்டி பார்க்கிறேன். அறுபது பேர் வேலை செய்கிற சி.என்.சி. மெஷின் ஷாப், கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷினில் உலோகப் பாகங்கள் கடைகிற இடம். இந்த அளவு கம்பெனியில் ஹெச்.ஆர். என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள், ஆள் எடுக்கிற வேலையும் என் தலையில்தான். பதினாறு வருடமாக எடுக்கிறேன். பட்டம் படித்தால் பிரயோஜனம் உண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ஆரம்பத்தில் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். இப்போது அந்தப் பதில் எனக்கே சரியாக வருவதில்லை.

இன்டர்வியூவில் நான் சான்றிதழை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் குழாய்த் துண்டு மாதிரி ஒரு பித்தளை புஷ்ஷையும், கோடு பார்த்து அளக்கிற ஒரு பழைய வெர்னியர் கருவியையும் மேஜையில் தள்ளி, "வெளி விட்டம் எவ்வளவு, பார்த்துச் சொல்லுங்க" என்பேன். ஒரு முறை எட்டுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. வைத்திருந்த மெக்கானிக்கல் பையன் ஒருவன் லீஸ்ட் கவுன்ட்டுக்கு, அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவுக்கு, ஃபார்முலாவை அழகாக ஒப்பித்தான், புஷ்ஷைத் தொடவே இல்லை. "அளந்து சொல்லுப்பா" என்றதும் கருவியைத் தலைகீழாகப் பிடித்தான். அடுத்து வந்தது ஓமலூர்ப் பக்கத்து ஐ.டி.ஐ. பையன். வெர்னியரின் வாயைக் கட்டை விரலால் துடைத்தான். மூடி, பூஜ்ஜியம் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு பக்கம் அளந்து, புஷ்ஷைக் கால் சுற்று திருப்பி மறுபடி அளந்தான். "25.36 சார். இந்தப் பக்கம் லேசா ஓவல் அடிக்குது."

இந்தக் கதையை நான் டீக்கடையில் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். பி.இ. என்பது வெறும் காகிதம் என்பது அதன் சாரம். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். எங்கள் ஷாப்பில் அந்தப் பழைய வெர்னியரை யாரும் பயன்படுத்துவதில்லை. எல்லோர் கையிலும் டிஜிட்டல்தான். நான் வைத்த பரீட்சையும் ஒருவகையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பரீட்சைதான்.

அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு பெண். அம்மா காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கீழே விடுதியில் தங்கிப் படித்த பெண். புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டிஜிட்டல் இருக்குங்களா சார்?" என்று கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. கணக்குப்படி நான் அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அந்த மாதம் ரிப்போர்ட் எழுத ஆளில்லை, எடுத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வாரம் தவறாமல் புகார் வந்துகொண்டிருந்தது. ஒரு ஹவுசிங்கின் (வேறு பாகம் உள்ளே உட்காரும் கூடு) உள்விட்டம் எப்போதாவது அளவு தாண்டி விடுகிறது, எப்போது என்று பிடிபடவில்லை. டூலை மாற்றினோம், ஆளை மாற்றினோம், ஆபரேட்டர்களைத் திட்டினோம். அந்தப் பெண் பத்து நாள் ஒவ்வொரு பீஸையும் அளந்து, பக்கத்தில் நேரத்தையும் எழுதி, எக்ஸெல்லில் ஒரு கோடு இழுத்தது. மதியம் ஒன்றரை மணிக்கு மேல் வரும் முதல் ரெண்டு மூன்று பீஸ்தான் தினமும் தள்ளி நின்றன. சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் நின்று சூடு ஆறிவிடுகிறது, மறுபடி ஓடிச் சூடேறும்வரை அளவு நிலைக்காது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கிற எங்கள் சீனியர் செட்டருக்கு இது ஏற்கெனவே தெரியும். "சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் ரெண்டு பீஸை நம்பக் கூடாதுங்க, அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர், கையால் தொட்டே மெஷினின் காய்ச்சல் சொல்லுவார். அவருக்குத் தெரிந்தது அவருடைய ஷிஃப்ட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. அந்தப் பெண் இழுத்த கோடு மின்னஞ்சலில் வாடிக்கையாளருக்குப் போனது, அத்தோடு புகாரும் நின்றது. இடைவேளை முடிந்ததும் பத்து நிமிடம் மெஷினைச் சும்மா ஓட்டுவது என்று விதி எழுதிச் சுவரில் ஒட்டினோம். நாலு வருடப் படிப்பில் அந்தப் பெண் மெஷினைக் கற்றதா என்றால் பெரிதாக இல்லை. சந்தேகம் வந்தால் அளந்து எழுதி வைக்க வேண்டும், எழுதியதை அடுத்தவர் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பதைக் கற்றிருந்தது. அது சின்ன விஷயமில்லை. எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கிறது என்றும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணிடம் ஒரு நாள், இவ்வளவு கடன் வாங்கிப் படித்தது லாபமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "காலேஜ் இல்லன்னா பதினெட்டு முடிஞ்ச மாசமே கல்யாணம் சார். நாலு வருஷம் யாரும் வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கல" என்று சொல்லிவிட்டு மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டது. முதலீட்டுக்கு வருமானம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதை எந்த வரிசையில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 2022இல் தமிழக அரசு புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. ஐ.டி.ஐ., டிப்ளமோவுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையில்லை. ஆனால் வீட்டில் "படிச்சது போதும்" என்று ஆரம்பிக்கிறவர் வாயை அடைக்க அது உதவுகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர். நான் டிப்ளமோ முடித்து முதலில் சேர்ந்த கம்பெனியில், ஓடிவிடக் கூடாது என்று ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டபோது திருப்பித் தர இரண்டு மாதம் இழுத்தார்கள். கையில் வேலை தெரியும், ஆனால் அந்த இரண்டு மாதமும் எந்த வாசலிலும் நான் படிக்காதவன். அந்தக் கோபத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் மூன்றரை வருடம் பகுதி நேர பி.இ. படித்தேன். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு போய் உட்கார்ந்தால் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் கண் சொக்கும். பட்டம் வாங்கிய அடுத்த மாதம் சம்பளம் ஏறியது, சீட்டும் மாறியது. வேலை என்னவோ அதே வேலைதான்.

அப்புறம் நானே அந்த வாசலில் காவலுக்கு உட்கார்ந்தேன். ஒரு இன்ஸ்பெக்டர் வேலைக்கு ஆள் தேவை என்று போட்டால் இருநூறு விண்ணப்பம் வரும். எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம்? "பி.இ. மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் கட்டு பாதியாகிவிடும். பட்டம் என்பது கற்றதற்குச் சான்று என்பதைவிட, கஷ்டப்பட்டு முடிக்கக்கூடிய ஆள் என்பதற்கான அடையாளமாகவே முதலாளிக்குப் பயன்படக்கூடும் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973இல் எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு. எனக்கு அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது, என் சோம்பலுக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது என்று. ஆனால் அந்த அடையாளம் பத்தில் ஒருவரிடம் இருக்கும்வரைதான் எடுபடும். 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுக்க 28.4தான். பெருமைப்பட வேண்டிய எண். அதே எண்தான் என் மேஜையில் கட்டாக வந்து விழுகிறது. பத்தாம் வகுப்பு போதும் என்கிற அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு 2022இல் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அறிவித்த இடம் 7,301. அந்தக் கூட்டத்தில் எத்தனை பி.இ., எத்தனை எம்.எஸ்ஸி. என்பது சேலத்தில் எந்தக் கோச்சிங் சென்டர் வாசலில் நின்றாலும் தெரியும்.

தொழில் பழகுநருக்கான அப்ரன்டிஸ் விதிகளில் 2019 திருத்தம் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகையைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. படிக்குப் படி ஆயிரம்தான்.

போன வருடம் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றுக்கான ஆடிட்டுக்குத் தயாராகும்போதுதான் நான் வெட்கப்பட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு ஆளுக்கும் திறன் அட்டவணை ஒன்று வைத்திருப்போம். பெயர், வேலை, தகுதி என்று கட்டங்கள். லைன் சூப்பர்வைசர் என்றால் தகுதிக் கட்டத்தில் "டிப்ளமோ அல்லது பி.இ." என்று நான்தான் வருடக்கணக்காக எழுதி வந்தேன். அதனாலேயே அந்தச் செட்டர் அண்ணன் பத்தொன்பது வருடம் செட்டராகவே இருந்தார். கேட்டால் ஐ.எஸ்.ஓ. கேட்கிறது என்பேன். ஒரு சாயங்காலம் வேறெதையோ தேடப்போய் ஐ.எஸ்.ஓ. 9001இன் 7.2ஆம் பிரிவை நிதானமாகப் படித்தேன். தகுந்த கல்வி, பயிற்சி அல்லது அனுபவத்தின் அடிப்படையில் ஆள் திறமையானவராக இருக்க வேண்டும் என்கிறது. அல்லது. இந்த ஒரு சொல்லை நான் பார்க்கவே இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டது ஜெனீவாவில் இருக்கிற ஐ.எஸ்.ஓ.வும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை, நானேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டமெல்லாம் வேஸ்ட் என்று சத்தமாகச் சொல்கிறவர்களை நான் பெரும்பாலும் பார்த்தது நல்ல கார் நிற்கிற வீட்டில். லீ பஜாரில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். அவர் மகன் கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படிக்கிறான். அவனுக்குப் பட்டம் உதவாமல் போனாலும் கடை இருக்கிறது. தறிக்காரன் மகனுக்கு அந்தக் காகிதம்தான் கடை. ஜோஹோ மாதிரி கம்பெனிகள் பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்து உதவித்தொகை கொடுத்துத் தாங்களே சொல்லிக்கொடுக்கிறார்கள், 2004-05இலிருந்து செய்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் பட்டம் வேண்டாம் என்று சொல்கிற முதலாளி சொல்லிக்கொடுக்கும் செலவைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனியில் புது ஆளுக்குப் பயிற்சி இரண்டு வாரம், அதிலும் ஒரு வாரம் டீ வாங்கிவருவது.

அட்டவணையைத் திருத்தினேன். சூப்பர்வைசர் வரிசையில் செட்டர் அண்ணன் பெயரை எழுதி, தகுதிக் கட்டத்தில் "ஐ.டி.ஐ., 19 ஆண்டு அனுபவம்" என்று போட்டு, எம்.டி.யிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஆடிட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார், ஒரு கேள்வி இல்லை. இத்தனை வருடம் எதற்குப் பயந்தேன் என்று புரியவில்லை.

அன்று மாலை தாளைக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். எல்லோர் முன்னாலும் என்னை சார் என்பார், தனியாக இருந்தால் தம்பி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வரிசையை விரலால் தேடிப் படித்தார். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லதுங்க தம்பி. ஆனா இதை எம் பொண்ணு கண்ணுல காட்டிராதீங்க. அப்புறம் அனுபவம் இருந்தாப் போதும்பா, நானும் வேலைக்குப் போறேன்னு ஆரம்பிச்சிரும்."

"என்னண்ணா படிக்குது பாப்பா?"

"பன்னெண்டு முடிச்சிருச்சு. கட் ஆஃப் நல்லா வந்திருக்கு, கவுன்சிலிங்ல நம்ம கருப்பூர் காலேஜே கிடைக்கும்ங்கிறாங்க." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு அரை நாள் லீவு வேணுங்க. இ-சேவை மையத்துக்குப் போகணும், முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு."

லீவு ஃபார்மில் காரணம் என்கிற கட்டத்தில் அதை அப்படியே எழுதச் சொன்னேன்.